மால்ட்டாத் தீவும் அதன் மஞ்சட் கல்லும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மால்ட்டாவைப் பற்றிப் பேச விரும்புகின்றோம் என்று யாம் தெரிவித்தபொழுது, நம் செயலாளர் அவர்கள், "மாம்பழத்தைப் பற்றியா, ஆரஞ்சுப் பழத்தைப் பற்றியா?" என்று வினவினார்கள். வினவியதில் தவறில்லை. சரக்கு ரசீது எழுதியே விரல் தேய்ந்த எம்மனோர்க்கு, மால்டா என்றால் வங்காளத்து மால்டா டவுன் நிலையமும் அவ்வூர் மாம்பழமுமே நினைவில் எழும். இவ்வட்டாரத்துச் சந்தையிலோ ஒருவகை ஆரஞ்சுக்கும் அப்பெயரே வழங்குகின்றது. இன்று யாம் பேசப் புகுந்த மால்ட்டா இவ்விரண்டும் அன்று. மத்தியதரைக் கடலில், இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் ஒரு சிறு தீவுக் கூட்டம் அது. மூன்று தீவுகளையும் கூட்டினாலும் பரப்பு 316 சதுரக் கிலோமீட்டரே. மக்கள் தொகை 5 இலட்சத்துக்கு மேல். 1964-ஆம் ஆண்டு ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்று, 1974-இல் குடியரசான தனி நாடு.

அந்நாட்டை யாம் நேரிற் கண்டவர் அல்லோம். எம் தமக்கையாரின் மகன் கப்பலில் இயந்திரப் பணி புரிபவன். சென்ற ஆண்டு அவனுடைய கப்பல் பழுது பார்ப்பதற்காக அத்தீவின் தலைநகரான வலெட்டாத் துறையில் பதினொரு நாள் நின்றது. ஓய்வு நேரத்தில் கால் கடுக்க நடந்து பார்த்துவிட்டு, ஊர் திரும்பியபொழுது ஒரு கட்டுப் படங்களையும், தாள் பறவாமல் மேலே வைக்கும் சிறு கல் ஒன்றையும் எமக்குக் கொணர்ந்தான். அப்படங்களும், அவற்றைப் பார்த்தபின் அடங்காத ஆவலால் தேடிப் படித்த நூல்களுமே எம்முடைய கைம்முதல்.

அக்கல் இதோ. முன்வரிசையில் உள்ளோர் கையில் வாங்கிப் பார்த்துப் பின்வரிசைக்குத் தருக. தேனின் நிறம், எடையும் மிகுதியில்லை. நகத்தால் அழுந்தக் கீறினால் பொடி உதிரும். (கீறிப் பார்க்க வேண்டா. எம் வீட்டுச் சிறுவர்கள் அச்சோதனையைப் போதிய அளவு செய்து முடித்துவிட்டனர்.) கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களின் ஓடுகள் கடலடியில் படிந்து படிந்து, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான சுண்ணக்கல் இது. அந்நாட்டார் இதனைப் 'பிராங்கா' என்பர். நிலத்திலிருந்து வெட்டியெடுத்த புதிதில் ஈரம் ஊறி மென்மையாக இருக்கும். வாளால் அறுக்கலாம், கோடரியால் செதுக்கலாம். காற்றுப்பட்டு உலர உலர மேற்புறம் இறுகும். இதனினும் வலிய சுண்ணக்கல் ஒன்றும் அங்கு உண்டு. ஆயினும் வீடும், கோயிலும், தெருவும், அரண்மனையும் பெரும்பாலும் இம்மென்கல்லால் எழுந்தவையே. அந்நாட்டில் ஆறு இல்லை, காடு இல்லை, இரும்புச் சுரங்கமும் இல்லை. இறைவன் அவர்களுக்கு அளித்தது இந்தக் கல் ஒன்றுதான் எனலாம். அதனை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள், அதனை எங்ஙனம் காத்து வருகின்றார்கள், எங்குக் காவாது விட்டார்கள் என்பதே எம் பேச்சு.

எகிப்து நாட்டின் பெரிய பிரமிடு எழுவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே, கி.மு. 3600-ஐ ஒட்டிய காலத்தில், இத்தீவினர் கற்கோயில்களை எழுப்பத் தொடங்கிவிட்டனர். கோஸோ என்னும் சிறு தீவில் உள்ள ஜிகாந்தியாக் கோயில் அவற்றுள் ஒன்று. அப்பெயருக்கு அரக்கர்க்கு உரியது என்று பொருள். குழந்தையைத் தோளில் ஏந்திய அரக்கி ஒருத்தி, அவரைக்கொட்டையைத் தின்றுகொண்டே இக்கற்களைச் சுமந்து வந்து அடுக்கினாள் என்று அவ்வூர்ப் பாட்டிமார் கதை சொல்வார்களாம். அங்குள்ள கற்களுட் சில 5 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையவை. உலோகக் கருவி ஒன்றும் அறியாத மக்கள் அவற்றை நகர்த்தினார்கள். தார்ஷீன் என்ற ஊர்க் கோயிலில் கல் உருண்டைகள் பல கிடைத்துள்ளன. பெருங்கற்களுக்கு அடியில் அவற்றை இட்டு உருட்டியிருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுகின்றனர். சரக்குக் கூடத்தில் பளுவான பெட்டிக்கு அடியில் உருளைக்கட்டை கொடுக்கும் நம் கலாசித் தொழிலாளர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஜிகாந்தியாவின் புறச்சுவர் வன்கல். உள்வாயில்களும் அலங்கார வேலைகளும் மென்கல். எக்கல் எதற்கு ஏற்றது என்பதை ஐயாயிரம் ஆண்டுகட்கு முன்பே அறிந்திருந்தனர். பெரிய தீவின் தென்கரையில் உள்ள ஹஜார் இம் கோயிலோ முற்றிலும் மென்கல்லால் ஆனது. அதன் அண்மையில் உள்ள இம்னாய்திராக் கோயிலில், பகலும் இரவும் ஒத்த நாட்களில், எழுகின்ற கதிரவனின் ஒளி தலைவாயில் வழியே நேராக உட்புகும்படி அமைத்துள்ளனர். இவையெல்லாம் கி.மு. 2500-ஐ ஒட்டிக் கைவிடப்பட்டன. கட்டியோர் எங்கே போயினர் என்பதை அறிவார் இல்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1902-ஆம் ஆண்டு, தலைநகருக்கு அண்மையில், புதிய வீடுகட்கு மழைநீர்த் தொட்டி வெட்டிய தொழிலாளர்கள், தரைக்கு அடியில் ஒரு கூடத்தின் கூரையை உடைத்துவிட்டனர். கீழே மூன்று அடுக்காக, பாறையைக் குடைந்து அமைத்த அறைகள்! மேலே கல்லை அடுக்கிக் கட்டும் கோயிலில் வாயிலும் தூணும் கூரையின் வளைவும் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறே பாறையில் குடைந்து காட்டியுள்ளனர். ஏறத்தாழ 7,000 பேரின் எலும்புகள் அங்கு இருந்தன என்று கணக்கிட்டுள்ளனர். ஆனால் கண்டவர்கள் உடனே யாரிடமும் சொல்லவில்லை. வீட்டு வேலை நின்றுவிடுமே என்று சிலகாலம் மறைத்தனர். பின்னர் ஆராயத் தொடங்கிய பாதிரியாரும் 1907-இல் வெளிநாட்டில் இறக்க, அவர் எழுதிய குறிப்புகள் கிடைக்காமற் போயின. தெமிஸ்டோகிளிஸ் சம்மித் என்னும் மருத்துவ அறிஞர் எஞ்சியதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார். ஒரு தொட்டிக்காக ஒரு நாட்டின் வரலாற்றில் எத்தனை பக்கங்கள் கிழிந்தன என்று எண்ணுங்கால் நெஞ்சம் பதைக்கின்றது. ஆயினும் வீடு கட்டியவரை முற்றும் பழிக்கவும் எமக்கு மனம் வரவில்லை. தொட்டியில்லாமல் அத்தீவில் குடிவாழ்க்கை இல்லை. அந்நிலவறையில் மனிதரின் மூச்சுக்காற்றால் பாறையும் செங்காவி ஓவியமும் கெடுவது கண்டு, 1990-களில் பல ஆண்டுகள் மூடிவைத்துப் பின் 2000-இல் திறந்தனர். நாளொன்றுக்கு 80 பேரளவே உள்ளே விடுகின்றனர். நம் மருமகனுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. பல வாரங்கள் முன்னரே பதிந்துவைக்க வேண்டுமாம். ரெயில்வேக் குடும்பத்தில் பிறந்தும் முன்பதிவை மறந்தான்!

இனி வீட்டுக்கு வருவோம். மரம் இல்லாத ஊரில் கூரை இடுவது எப்படி? அறையின் குறுக்கே சிறிது சிறிது இடைவெளி விட்டுக் கல்வளைவுகளை எழுப்புவர். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே கற்பலகைகளைப் பரப்புவர். அதன்மேல் கற்பொடியும், அதற்கும் மேல் உடைத்த ஓட்டுத் தூளைச் சுண்ணாம்போடு கலந்து இடித்த காரையும் பூசுவர். நம் பக்கத்தில் சுர்க்கி என்று வழங்குவதற்கு மிக நெருங்கிய உறவு அது. நம் காலனியின் பழைய வரிசைக் குடியிருப்புகளில், பழந்தண்டவாளங்களை உத்திரமாக இட்டு அவற்றிடையே செங்கல்லை வளைத்துக் கட்டிய கூரையைத் தாய்மார்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். கருத்து ஒன்றே, அங்குத் தண்டவாளத்தின் இடத்தில் கல்வளைவு. தட்டையான அக்கூரையில் விழும் மழைநீர் ஒரு துளியும் வீணாகாமல் குழாய் வழியே வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டிக்குச் செல்லும். தொட்டியை வெட்டும்பொழுது கிடைத்த கல்லே சுவராகும். ஆகவே அங்கு வீடு என்பது பாதி மேலும் பாதி கீழுமாக இருப்பது.

வலெட்டா நகரம் முழுவதும் இம்முறையில் எழுந்ததுதான். 1530 முதல் அத்தீவை ஆண்டவர்கள் செயின்ட் ஜான் சபையினர் எனப்படும் போர்வீரத் துறவிகள். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். 1565-இல் துருக்கியப் பெரும்படை தீவை முற்றுகையிட்டது. ஏறத்தாழ நான்கு திங்கள் போர். முற்றுகை முறிந்தபின், இனி ஒரு கோட்டை நகர் இன்றியமையாது என்று கருதிய தலைவர் லா வலெட், 1566 மார்ச் 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டினார். திட்டம் வகுத்தவர் இத்தாலியப் பொறியாளர் பிரான்செஸ்கோ லப்பரெல்லி. அவர் சில ஆண்டுகளில் விடைபெற்றுச் சென்றபின், மால்ட்டாவிலேயே பிறந்த ஜிரோலமோ காசார் பணியை ஏற்றார். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. கடற்காற்று நகரின் உள்ளே ஓடி வரும். குன்றை முழுவதும் சமனாக்கும் எண்ணம் நிறைவேறாமையால், பல தெருக்கள் படிக்கட்டுகளாகவே ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் நீர்த்தொட்டி இருத்தல் வேண்டும், கழிவுநீர் பொதுச் சாக்கடையில் சேர்தல் வேண்டும், தெருமுனை வீட்டார் மூலையை அழகுற அணிசெய்தல் வேண்டும் என்று விதி செய்தனர். 1560-களில் எழுதிய விதிகள் இவை! படகுகள் தங்குதற்கென்று நகரினுள்ளேயே ஒரு குடா வெட்டி, அக்கல்லால் வீடு கட்டவும் முனைந்தனர். குடா முற்றுப்பெறவில்லை, வெட்டிய பள்ளத்தில் ஏழைகள் நெருக்கி வீடமைத்து, வெயிலும் காற்றும் புகாத சேரியாகப் பல நூற்றாண்டு வாழ்ந்தனர். வலெட்டாவின் அழகைப் புகழும் நூல்கள் இப்பள்ளத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இன்று 55 ஹெக்டேர் பரப்புக்குள் 320 நினைவுச் சின்னங்கள் அமைந்த அந்நகரை 1980-இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது.

காசார் கட்டிய செயின்ட் ஜான் பேராலயம் வெளியே நின்று பார்த்தால் கோட்டைச் சுவர் போன்று வறிதாக இருக்கும். உள்ளே நுழைந்தால் பொன்மயம். கட்டி ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப் பின் மத்தியா பிரெத்தி என்னும் ஓவியர் வந்து, 1661 முதல் 1666 வரை அதன் வளைகூரை முழுவதிலும் ஓவியம் தீட்டினார். சுவரில் உள்ள பூவும் கொடியும் தனியே செய்து ஒட்டியவை அல்ல. சுவர்க் கல்லையே செதுக்கிப் பொன் பூசியவை. மென்கல் தந்த வாய்ப்பு அது. தரையில் ஏறக்குறைய 400 பளிங்குக் கல்லறைப் பலகைகள். கரவாஜ்ஜோ 1608-இல் தீட்டிய பெரும் ஓவியமும் அங்குத்தான் உள்ளது. நம் மருமகன் எடுத்த படங்களுள் தரையின் படமே மிகுதி. கூரையைப் பார்க்கக் கழுத்து வலித்தது போலும்.

அரசரும் சபைத் தலைவரும் கட்டியதைக் காட்டிலும் எம் உள்ளத்தைக் கவர்ந்தது மோஸ்தா என்னும் ஊர்மக்கள் கட்டிய கோயில். 1833-இல் தொடங்கி 1860-இல் முடிந்தது. வரைபடம் தந்தவர் ஜார்ஜியோ குரோனியே. ரோமாபுரியின் பாந்தியன் கோயிலைப் பின்பற்றிய வட்டக் கட்டடம். உட்புறக் குறுக்களவு ஏறத்தாழ 37 மீட்டர். பழைய கோயிலில் வழிபாடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக, அதனை நடுவில் அப்படியே விட்டுச் சுற்றிலும் புதியதை எழுப்பினர். உள்ளே மணியோசையும் பூசையும், வெளியே உளியோசை. ஊர்மக்கள் தம் ஓய்வு நேரத்தில் கல் சுமந்தனர். கும்மட்டத்தைச் சாரம் கட்டாமலே வளையம் வளையமாக உயர்த்தினர் என்று கூறுவர். புதியது முடிந்தபின் பழையதை இடித்து அகற்றினர்.

1942 ஏப்ரல் 9-ஆம் நாள் மாலை. இரண்டாம் உலகப்போரில் உலகிலேயே மிகக் கடுமையாகக் குண்டுவீச்சுக்கு உள்ளான இடங்களுள் மால்ட்டாவும் ஒன்று. வழிபாட்டுக்காக இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் அக்கோயிலுள் கூடியிருந்தனர். குண்டு ஒன்று கும்மட்டத்தைத் துளைத்துக்கொண்டு அவர்கள் நடுவே விழுந்து உருண்டது, வெடிக்கவில்லை. ஒருவரும் இறக்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னர், ஏப்ரல் 7-ஆம் நாள், தலைநகரின் நாடக அரங்கு அத்தகைய நற்பேறு பெறவில்லை. 1866-இல் திறந்து, 1873-இல் உள்ளே தீப்பற்றி, மீண்டும் செப்பனிட்ட அவ்வழகிய கட்டடம் குண்டடிபட்டு நொறுங்கியது. மீளக் கட்டுவதா, வேறொன்று எழுப்புவதா என்று எழுபது ஆண்டுக்காலம் வாதித்தனர். முடிவில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ, உடைந்த தூண்களையும் அடித்தளத்தையும் அப்படியே நிறுத்தி, அவற்றுக்குள் கூரையில்லாத அரங்கு ஒன்றை அமைத்தார்; 2013-இல் திறந்தனர். உள்ளூரார் பலர்க்கு அதில் மனநிறைவில்லை. கூரையுள்ள அரங்கு கேட்டோம், திறந்தவெளி தந்தீர் என்கின்றனர். படத்தைப் பார்த்த அளவில் எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. பலமுறை பார்த்தபின், போர் செய்த காயத்தை மூடி மறைக்காது விட்டதும் நேர்மையே என்று எண்ணுகின்றோம்.

இவ்வரங்கின் அண்மையில் நமக்கு உறவான ஒன்று இருந்தது. ஆம், ரெயில் நிலையம்! 1883 பிப்ரவரி 28-ஆம் நாள் தொடங்கிய மால்ட்டா ரெயில்வே, வலெட்டாவிலிருந்து பழைய தலைநகரான இம்தினா வரை 11 கிலோமீட்டர் ஓடியது. அதுவும் மீட்டர் கேஜ்! தலைநகரின் நடைமேடை தரைக்கு அடியில். வண்டி கோட்டைக்குக் கீழே குடைந்த சுரங்கத்தின் வழியே வெளிப்படும். வருவாய் போதாமல் தனியார் கைவிட, அரசு ஏற்று நடத்தியது. பின்னர் டிராமும் பேருந்தும் பயணிகளைப் பறித்துக்கொள்ள, 1931 மார்ச் 31-ஆம் நாள் கடைசி வண்டி ஓடியது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டனர். போர்க்காலத்தில் அச்சுரங்கம் ஆயிரக்கணக்கான மக்களுக்குப் புகலிடம் ஆயிற்று. பிர்கிர்காரா என்னும் ஊரில் நிலையக் கட்டடம் பூங்காவினிடையே நிற்கின்றது. பழைய பெட்டி ஒன்றையும் அங்குச் செப்பனிட்டு வைத்துள்ளனர். மூன்றாம் வகுப்புப் பெட்டியாம். வேறு எப்பெட்டி எஞ்சியிருந்தாலும் எமக்கு இத்துணை மகிழ்ச்சி இராது.

இனி, இக்கல்லின் நோயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எளிதிற் செதுக்க இடம் தரும் கல் எளிதிற் கரையவும் இடம் தரும். கடற்காற்றின் உப்பு கல்லின் நுண்துளைகளுள் புகுந்து, ஈரம் உலரும்பொழுது மணியாக இறுகி, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். நாளடைவில் சுவர் தேனடை போல் குழிகுழியாகும். சென்ற நூற்றாண்டில் பழங்கோயில்களைச் சிமெண்டு கொண்டு பழுது பார்த்தனர். நன்மை செய்வதாக எண்ணியே செய்தனர். சிமெண்டோ ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைத்துத் தீங்கை மிகுவித்தது. இன்று அதனைப் பெயர்த்துச் சுண்ணக் காரை இடுகின்றனர். ஹஜார் இம், இம்னாய்திராக் கோயில்களின்மேல் 2009-இல் மாபெருங் கூடாரங்கள் அமைத்தனர். அப்படத்தைக் காணும் எவர்க்கும் திருமணப் பந்தலே நினைவுக்கு வரும். அழகில்லைதான். ஆனால் ஐயாயிரம் ஆண்டு மழையில் நின்ற கிழவனுக்கு ஒரு குடை பிடித்தால், குடையின் நிறத்தைப் பற்றி யார் வாதிடுவார்?

அதனினும் பெரிய நோய் வேறு. நிலத்தின் விலை ஏற ஏற, வளைவுக் கூரையும் மூடிய மரப்பலகணியும் உடைய பழைய வீடுகளை இடித்து, கான்கிரீட்டு அடுக்கு வீடுகளை எழுப்புகின்றனர். மென்கல் சுவர்கள் ஒன்றோடொன்று சாய்ந்து, அண்டை வீட்டைத் துணையாகக் கொண்டு நிற்பவை. பக்கத்து மனையை ஆழ அகழ்ந்தால் நிற்கும் வீட்டுக்கும் ஆபத்து. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவ்வாறே ஒரு வீடு இடிந்து விழுந்து, உள்ளே இருந்த பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். தலைநகரின் அரண்மனைக்கும் கற்காலக் கோயிலுக்கும் உலகத்தின் காவல் உண்டு. தெருவில் வரிசையாக நிற்கும் எளிய வீட்டுக்கு அதன் சொந்தக்காரரை அன்றிக் காவல் இல்லை. அவருக்கோ பெண்ணை மணமுடிக்கவும் பிள்ளையைப் படிக்கவைக்கவும் பணம் வேண்டும். விற்காதே என்று அவரிடம் சொல்லும் துணிவு எமக்கு இல்லை. சுரங்கங்களில் கல்லும் குறைந்து வருகின்றது. அதனை வெட்டிச் செதுக்கத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. இடித்த வீட்டின் கல்லை மீண்டும் பயன்படுத்துக என்று சிலர் அங்கு வற்புறுத்தி வருகின்றனர்.

கல் பின்வரிசை வரை சென்று திரும்பிவிட்டது போலும். மேசையில் சிறிது பொடியும் உதிர்ந்திருக்கின்றது. இதனை நம் சங்க நூலகத்தின் அலமாரியில், நிலப்படத்துக்கு அருகில் வைக்கச் செயலாளர் அவர்கள் இசைந்துள்ளார்கள். படங்கள் நாளை மாலை வரை இங்கே இருக்கும். பார்ப்போர் ஓரத்தைப் பிடித்துப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். மருமகன் அடுத்த விடுமுறையில் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்வான்.